சென்னை அலுவலகத்துக்கு எது தோது: கனமான கான்கிரீட்டா, இரவுக் காற்றா, மூடிய ஏசியா?

பகல் சூட்டைக் கான்கிரீட் வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் ஜன்னலைத் திறந்துவிட்டால் அது வெளியேறிவிடும். மறுநாள் காலை குளிர்ந்த கட்டிடத்தில் வேலை தொடங்கலாம், ஏசி பாதி போதும். அலுவலகம் கட்டக் கிளம்பும் பலரிடமும் இந்த யோசனை வந்து சேர்கிறது. கூடவே ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996-ல் திறந்த ஈஸ்ட்கேட் சென்டரின் படமும் வரும். அங்கே அது வேலை செய்வது உண்மைதான். ஆனால் ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் அடித்த நாளிலும் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடும். சென்னையில் மே மாதப் பகல் சராசரியாக 37 டிகிரி, விடியற்காலை 28. இடையில் ஒன்பது டிகிரிதான். அந்த 28 டிகிரிக் காற்றும் ஈரம் சொட்டும் காற்று.

இங்கே முடிவைத் தீர்மானிப்பது வெயிலைவிட ஈரம். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ, அதைப் பனிப்புள்ளி என்கிறோம். சென்னையில் கோடை முழுக்க அது 24 முதல் 26 டிகிரிக்குள் நிற்கும். 25 டிகிரி பனிப்புள்ளி உள்ள காற்றில் கிலோவுக்குச் சுமார் 20 கிராம் நீர் இருக்கும். ஏசி போட்ட அறையில், 25 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில், 11 கிராம். இந்த ஒன்பது கிராம் வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்கெல்லாம் எளிதில் புரியும்.

எடுத்துக்காட்டாக ஒரு கட்டிடத்தை வைத்துக்கொள்வோம். நான்கு தளம், ஒவ்வொன்றும் 600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,450 சதுர அடி, அகலம் 12 மீட்டர், நீளம் 50, தளத்துக்கு 60 பேர், காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை வேலை. ஆள், விளக்கு, கணினி எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 வாட் சூடு உள்ளேயே உற்பத்தியாகும்.

இரவுக் காற்றால் ஸ்லாபைக் குளிர்விப்பது

150 மில்லிமீட்டர் ஸ்லாபில் ஒரு நாள் சுழற்சிக்குள் சூட்டை ஏற்றி இறக்குவது, அறையைப் பார்த்த பக்கத்தில் 100 மில்லிமீட்டர்தான் என்று கொள்ளலாம். அந்த 100 மில்லிமீட்டர் கான்கிரீட் ஒரு டிகிரி குளிர்ந்தால் சதுர மீட்டருக்கு 57 வாட்-மணி சேமிப்பு. இரண்டு டிகிரி குளிர்ந்தால் 115. ஒன்பது மணி நேர அலுவலகத்துக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 12 முதல் 13 வாட். உள்ளே உருவாகும் சூட்டில் கிட்டத்தட்ட பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல், அந்த இரண்டு டிகிரி எங்கிருந்து வரும் என்பதில். பகலில் ஏசி ஓடிய அலுவலகத்தில் மாலை ஸ்லாப் 26, 27 டிகிரியில் இருக்கும். மே மாத இரவுக் காற்றின் சராசரி 29. ஜன்னலைத் திறந்தால் ஸ்லாப் குளிராது, சூடேறும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய இதே கதை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மட்டும் இரவு 21, 22 டிகிரிக்கு இறங்குகிறது. அப்போது ஸ்லாப் இரண்டு டிகிரி குளிரும்.

அந்த மாதங்களில் மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்கலாமா? மணிக்குப் பத்து முறை அறைக் காற்று மாற வேண்டும். தளத்துக்கு 18,000 கன மீட்டர். நல்ல விசிறி, குறைந்த அழுத்தம் என்று வைத்தாலும் இரண்டரை கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 20 யூனிட். சேமித்த குளிர்ச்சி 69 யூனிட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் குளிர்ச்சி தரும் ஏசி அதைத் தர 23 யூனிட் போதும். 20 யூனிட் செலவழித்து 23 யூனிட் மிச்சம் பிடிப்பதற்கு டக்டும் டேம்பரும் டைமரும் வாங்க வேண்டுமா? எங்கள் கருத்தில் வேண்டாம்.

விசிறி இல்லாமல் ஜன்னலை மட்டும் நம்பினால் கணக்கு மாறும். காற்று நேராக அடிக்கும் ஜன்னல் வழியே உள்ளே வரும் அளவு, திறந்த பரப்பு, காற்றின் வேகம், 0.6 ஆகிய மூன்றின் பெருக்கல். காற்று சாய்ந்து வந்தால் 0.6-க்குப் பதில் 0.3. அக்கம்பக்கக் கட்டிடங்களுக்கு நடுவே வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், ஒரு பக்கம் எட்டேகால் சதுர மீட்டர் திறப்பு வேண்டும், எதிர்ப்பக்கமும் அவ்வளவு. சென்னையில் இரவு கொசுவலை இல்லாமல் ஜன்னல் திறக்க முடியாது. வலை பாய்வில் மூன்றில் ஒரு பங்கையாவது தின்னும். தூசி அடைந்த வலை இன்னும் அதிகம். ஆக 12 சதுர மீட்டர், கம்பிக் கிரிலோடு, மழை உள்ளே அடிக்காதபடி. வடகிழக்குப் பருவமழை சாய்ந்து வரும் பக்கத்தில் சாதாரண லூவர் போட்டால் நவம்பரில் கேபிள் டிரேயில் தண்ணீர் நிற்கும்.

சூடான காற்று மேலேறும் புகைபோக்கி அமைப்பை நம்பி மாடியில் கோபுரம் எழுப்புவதும் உண்டு. 12 மீட்டர் உயரம், உள்ளும் வெளியும் இரண்டு டிகிரி வித்தியாசம், இரண்டு சதுர மீட்டர் திறப்பு: மணிக்கு 4,100 கன மீட்டர் வரும். நான்கு தளத்துக்கும் தேவை 72,000. படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தாண்டி ஈரம் இருக்கிறது. ஏசி அலுவலகத்தை இரவு திறந்துவிட்டால், அறைக் காற்று மட்டும் சதுர மீட்டருக்கு 30 கிராம் நீரைக் கூடுதலாகப் பிடிக்கும். கார்ப்பெட், ஜிப்சம் பலகை, கோப்புகள், சோபாத் துணி இவை குடிப்பது அதைவிடப் பல மடங்கு. காலையில் ஏசியின் முதல் வேலை அதைப் பிழிந்து எடுப்பது. பிழிவதற்குள் என்ன நடக்கும் என்பதை அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின் பார்ப்பவரிடம் கேட்டால் தெரியும்: ட்ரேயில் இரவு முழுக்கக் கிடந்த தாள் ஓரம் சுருண்டு, காலை முதல் பத்துப் பிரிண்டுக்குள் ஜாம் ஆகும். 24 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் விட்ரிஃபைடு டைல்ஸில் வியர்வை போல நீர் படியும். சுவரை ஒட்டிப் போட்ட ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒரு மாதத்தில் கறுப்புப் பூஞ்சை.

ஏசியே இல்லாமல், கனமும் காற்றும் மட்டும்

ஏசி இல்லாத கட்டிடத்துக்கு இரவுக் காற்று உண்மையிலேயே உதவும். அங்கே மாலை ஸ்லாப் 32, 33 டிகிரியில் இருக்கும். 29 டிகிரிக் காற்று அதைக் குளிர்விக்கும். வெளியே இருக்கும் ஈரம்தான் உள்ளேயும் இருக்கும் என்பதால் எதுவும் வியர்க்காது. 1892-ல் திறந்த உயர் நீதிமன்றமும் 1913-ல் திறந்த ரிப்பன் கட்டிடமும் இந்த வகை: தடித்த சுவர், உயர்ந்த கூரை, வெயிலைச் சுவரில் விழவிடாத தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் காப்பியடிப்பவர்கள்தான் அதிகம்.

இன்றைக்கு அது எவ்வளவு தூரம் போகும்? 2016 தேசியக் கட்டிட விதித் தொகுப்பில் இடம்பெற்ற ஐமேக் சூத்திரம், காற்றோட்டக் கட்டிடத்தில் இருப்பவர்களுக்கு ஏற்ற வெப்பநிலையை இப்படிக் கணக்கிடுகிறது: கடந்த 30 நாள் வெளிச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்டு. மே மாதச் சராசரி 32.5 என்றால் 30.4 வரும்; நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்கும் எல்லை அதற்கு மேல் 2.4 டிகிரி, அதாவது 32.8. தலைக்கு மேல் சீலிங் ஃபேன் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று தந்தால் உடம்புக்கு மூன்று டிகிரி குறைந்தது போலத் தெரியும். நிழலிட்ட சுவர், காப்பிட்ட கூரை, பத்தரை மணிக்கு ஜன்னலை ஒருக்களித்துக் கடற்காற்று வந்ததும் கிழக்கைத் திறப்பது, இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் 33 டிகிரியில் நிறுத்தலாம். விளிம்பில்தான் நிற்கிறது.

அடையாறு, மயிலாப்பூர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்று நண்பகலை ஒட்டி வந்துவிடும். அம்பத்தூரிலும் திருப்பெரும்புதூரிலும் தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக அடித்தால் கரையிலும் தள்ளிப்போகும். ஆகவே இந்த வழி யாருக்கு என்றால்: கரையோரம், எதிரெதிர் ஜன்னல், கூரை உயரத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் போகாத அகலம், கணினி குறைவு, இருப்பவர்கள் ஜன்னலைத் தாங்களே கவனிக்கும் சிறு அலுவலகம். ஸ்டுடியோ, அறக்கட்டளை, பயிற்சிக்கூடம். நாள் முழுக்க ஆட்கள் வந்துபோகும் வங்கிக் கிளைக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம்.

சூட்டை உள்ளேயே விடாமல் இருப்பது

பேச்சில் பின்னால் தள்ளப்படும் வேலை இது, பலனில் முன்னால் நிற்பதும் இதுதான். மேல்தளத்தை மட்டும் பாருங்கள். ஸ்லாபும் வழக்கமான செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் பூச்சும் தட்டோடும் உள்ள மொட்டை மாடி வழியே, ஏப்ரல், மே மாதங்களில், உள்ளே 26 டிகிரி என்றால், நாள் சராசரியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 33 வாட் இறங்கும். அதன் மேல் வெள்ளை டைல்ஸ் மட்டும் பதித்தால் 18. ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் என்ற நுரைக் காப்புப் பலகையும் வெள்ளை மேற்பரப்பும் சேர்ந்தால் 3. முப்பது வாட் மிச்சம், 24 மணி நேரத்துக்கு 720 வாட்-மணி. ஏசி அணைத்த நேரத்தில் உள்ளே சூடேறுவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். அப்படியும் இரவுக் காற்று ஜனவரியில் தந்த 115-ஐப் பல மடங்கு மிஞ்சுகிறது. நான்கு தளத்துக்கும் பங்கிட்டால்கூட 180. விசிறி வேண்டாம், கொசு வராது, வாட்ச்மேனை எழுப்ப வேண்டாம்.

ஜல்லிப் பூச்சு கனமானது, சூட்டை வாங்கி வைக்குமே என்பார்கள். வாங்கி வைக்கும். வெயிலில் கிடக்கும் கனம் வாங்கி வைப்பது வெயிலை. அதை மாலை ஐந்து மணிக்கு மேல் கீழே இறக்கும். கனம் காப்பு அடுக்குக்கு உள்பக்கம் இருந்தால்தான் உங்களுக்கு வேலை செய்யும். இந்த ஒரு விதிக்காகவே ஸ்லாபுக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டும் வேலையைத் தவிர்க்கச் சொல்கிறோம்: கான்கிரீட்டை அறையிலிருந்து பிரித்து வெயிலிடம் ஒப்படைத்துவிடுகிறது.

மேலே போடும் வரிசை முக்கியம். ஸ்லாப், வாட்டக் கலவை, நீர்த்தடுப்புப் படலம், அதைத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் சோதித்த பிறகு எக்ஸ்பிஎஸ், ஜியோடெக்ஸ்டைல் துணி, கோழிவலை பதித்த 50 மில்லிமீட்டர் கான்கிரீட், வெள்ளை டைல்ஸ். கைப்பிடிச் சுவரின் அடியில் காப்பை நிறுத்திவிட்டால் ஓரம் முழுக்கச் சூடு இறங்கும். சுவரின் உள்முகத்தில் 30 சென்டிமீட்டராவது ஏற்ற வேண்டும். இவ்வளவையும் சரியாகச் செய்து முடித்த பிறகு ஏசிக்காரர் வந்து அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டுக்கு நான்கு போல்ட் அடிப்பார். படலம் கிழியும், தண்ணீர் பலகைக்கு அடியில் ஓடி எங்கோ ஓர் அறையில் சொட்டும், எங்கே கிழிந்தது என்று கண்டுபிடிக்க மாடியையே பெயர்க்க வேண்டும். ஸ்டாண்டுக்கான கான்கிரீட் பீடங்களை ஸ்லாபோடு சேர்த்து வார்த்துவிடுங்கள்.

ஜன்னல் நிழலில் சென்னைக்கென்று ஒரு விஷயம். நாம் 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். கத்திரி வெயில் காலத்தில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் விழும். “வடக்குப் பக்கம்தானே, கண்ணாடியாகவே விட்டுவிடலாம்” என்ற அறிவுரை குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. தெற்கு சுலபம், அகலமான சன்ஷேடு போதும். மேற்குக்கு நிமிர்ந்த தகடுகளோ வெளித் திரையோ வேண்டும். உள்ளே தொங்கும் பிளைண்ட், வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு பிடிக்கிறது. வெளித் திரையின் பிடிமானத்தை 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலை நினைத்து வடிவமைக்க வேண்டும்.

சுவருக்கு 200 மில்லிமீட்டர் ஏஏசி பிளாக்கா (காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கல்), ஒன்பது அங்குலச் செங்கல்லா? செங்கல் சுவர் சூட்டை ஆறேழு மணி நேரம் தாமதிக்கும். மேற்குச் சுவரில் மூன்று மணிக்கு விழுந்த வெயில் இரவு ஒன்பது, பத்துக்கு உள்ளே வரும். பகல் அலுவலகம் அதற்குள் காலி. இரவு ஷிஃப்ட் நடக்கும் ஓஎம்ஆர் கம்பெனிக்கு அதே தாமதம் பாதகம். ஏஏசி தாமதிப்பதைவிட, வரும் அளவையே பாதிக்கும் கீழே குறைக்கும். அறைக்கு வேண்டிய கனத்தை ஸ்லாப்களே தந்துவிடுவதால், ஏசி உள்ள கட்டிடத்துக்கு ஏஏசிதான் எங்கள் தேர்வு.

பருவத்துக்கு ஏற்ப மாறும் கலப்பு முறை

நம் எடுத்துக்காட்டுக் கட்டிடத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதை. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஜன்னலும் ஃபேனும். மற்ற மாதங்களில் மூடிய அலுவலகம், ஏசி 26, 27 டிகிரியில், கூடவே சீலிங் ஃபேன். இரவில் திறப்பது, திறந்த மாதங்களில் மட்டும்.

ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துவிட வேண்டும், அல்லது பாதிக்கு மேல் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழுதாக மூடினால் ஸ்லாப் இருந்தும் இல்லாதது போல. எடுத்தால் எதிரொலி வரும், 60 பேர் போன் பேசும் தளத்தில் அது சாதாரணத் தொல்லை இல்லை. ஒலி உறிஞ்சும் பலகைகளை நிமிர்த்தித் தொங்கவிட்டால் சத்தமும் அடங்கும், காற்றும் ஸ்லாபைத் தொடும். ஃபேன் 10 முதல் 12 சதுர மீட்டருக்கு ஒன்று, தளத்துக்கு 50. பிஎல்டிசி ஃபேன் 30 வாட் என்றால் மொத்தம் ஒன்றரை கிலோவாட். செட்டிங்கை ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி மின்சாரம் சுமார் ஆறு சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. 24-லிருந்து 27-க்குப் போனால் 18 சதவீதம், இங்கே மூன்று கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஃபேன் செலவைக் கழித்தாலும் லாபம்தான். விளக்கை இறக்கைக்கு மேலே வைக்காதீர்கள், நாள் முழுக்க மேசையில் நிழல் வெட்டும்.

ஸ்லாப் திறந்திருந்தால், இரவுக் காற்று செய்யாததை ஏசியை வைத்தே செய்யலாம். உயர் அழுத்த மின் இணைப்புக்குக் காலை, மாலை உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை சிறு தள்ளுபடி. விடியுமுன் ஒன்றிரண்டு மணி நேரம் ஏசியை ஓட்டி ஸ்லாபைக் குளிர்வித்துவிட்டு, உச்ச நேரத்தில் பாதி ஏசிகளை நிறுத்தி வைக்கலாம். மின்சார யூனிட் எண்ணிக்கை குறையாது. கட்டணம் குறையும், உச்சத் தேவையும் குறையும்.

ஏசி அளவை இதோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். 150 சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்க்கணக்கில் ஒரு தளத்துக்கு 43 டன் வரும். காப்பும் நிழலும் போட்ட பிறகு, வெளிக்காற்றின் ஈரத்தையும் சேர்த்தே கணக்கிட்டால், 15 முதல் 20 டன்னில் முடியும். பெரிதாக வாங்கினால் நட்டம் பணம் மட்டுமல்ல: கம்ப்ரசர் ஐந்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நிற்கும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. அறை 24 டிகிரி காட்டும், ஆனால் பிசுபிசுக்கும்.

கலப்பு முறை கெடுவது ஒரே இடத்தில்: ஏசி ஓடும்போது யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள். ஜன்னல் சட்டத்தில் சிறு சுவிட்ச் வைத்து, திறந்தால் அந்தப் பகுதி யூனிட் நிற்கும்படி இணையுங்கள். நோட்டீஸ் ஒட்டுவது பயன்படாது. ஏசியிலிருந்து ஜன்னலுக்கு மாறும் நாளில், ஒரு ஈரப்பதமானியும் அகச்சிவப்பு வெப்பமானியும் கையில் இருக்கட்டும். தரை, சுவர், டக்ட் முகம் மூன்றும் வெளிக்காற்றின் பனிப்புள்ளியைவிட இரண்டு டிகிரி மேலே வந்த பிறகு திறக்கலாம். டக்ட் முகம்தான் கடைசியில் சூடேறும், முதலில் சொட்டுவதும் அதுதான்.

ஸ்லாபுக்குள் குளிர்நீர்

கான்கிரீட்டுக்குள் குழாய் புதைத்து, 16 முதல் 18 டிகிரித் தண்ணீர் ஓட்டும் முறையும் உண்டு. இன்ஃபோசிஸ் ஹைதராபாத் வளாகத்தில் ஒரே கட்டிடத்தின் பாதியை இப்படியும் பாதியை வழக்கமான ஏசியாகவும் கட்டி ஒப்பிட்டார்கள். குழாய்ப் பாதி தெளிவாகக் குறைந்த மின்சாரம் எடுத்தது. சென்னையில் இதற்கு நிபந்தனை கடுமை. ஸ்லாப் முகம் 20, 21 டிகிரி, அறைக்குள் பனிப்புள்ளி 16-க்குக் கீழே இருந்தாக வேண்டும், வெளியே 25. வெளிக்காற்றை உலர்த்தித் தரும் தனி இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றாலும் கூரை வியர்க்கும். இன்டீரியர் மாற்ற வருபவர் டிரில்லை எடுத்தால் குழாய் போச்சு. சொந்த வளாகம், நிரந்தரப் பராமரிப்புக் குழு, திறக்காத ஜன்னல் உள்ளவர்களுக்கு நல்ல வழி. நான்கு மாடி வாடகைக் கட்டிடத்துக்கு வேண்டாம்.

கட்டிடம் உங்களுடையது இல்லை, ஒரு தளத்தை மட்டும் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் பட்டியல் குறுகிவிடும். மேல்தளமாக இருந்தால் மொட்டை மாடிக் காப்பை உரிமையாளர் செலவில் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மாட்டேன் என்றால் ஒரு தளம் கீழே இறங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் போடாமலே எடுத்துக்கொள்ளுங்கள், ஃபேன் கொக்கிகள் ஸ்லாபில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேற்குக் கண்ணாடிக்கு வெளியே திரை அடிக்க அனுமதி கேளுங்கள். திறக்கும் ஜன்னலில் கிரிலும் கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலையும் இல்லையென்றால் ஜனவரியிலும் அது திறக்கப்படாது; அந்த அலுவலகத்தை முழு ஏசி அலுவலகமாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.